கயிறு திரித்த கதை

அன்புள்ள தோழிக்கு,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். கறுப்புச் சட்டைக்கு மேலே மூன்று சங்கிலி, ஒன்றுக்குக் கீழே ஒன்று. வடிவாய்த்தான் இருக்கிறாய், ஆனால் 'இப்ப இதுதான் புதுசு' என்று எழுதியிருந்தாய் பார், அதற்குத்தான் சிரிப்பு வந்தது. காளி கோயில் திருவிழாவுக்கு உன் அம்மா கழுத்தை ஒட்டி அட்டியல், கீழே பதக்கம் சங்கிலி, அதற்கும் கீழே தாலிக்கொடி என்று வருவாவே, அது என்னவாம்?

சிரித்துவிட்டு நானும் ஆசைப்பட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். போன மாதம் பெறாமகளோடு கோணேசர் கோயிலுக்குப் போகும்போது அம்மாவின் பதக்கம் சங்கிலி, என் மெல்லிய பவுண் சங்கிலி, உப்புவெளியில் வாங்கிய வெள்ளிச் சங்கிலி மூன்றையும் சேர்த்துப் போட்டேன். மூன்றும் கிட்டத்தட்ட 18 அங்குலம். கோட்டை வாசலில் ஓட்டோவை விட்டு இறங்கி, மான்களைப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினோம். அந்தக் காற்று உனக்குத் தெரியும்தானே, சேலையைப் பிடிப்பதா கழுத்தைப் பிடிப்பதா? திரும்பி வரும்போது பெறாமகள் கேட்கிறாள், "பெரியம்மா, என்ன கயிறு திரிச்சு வச்சிருக்கிறீங்க?"

பின்னேரம் விறாந்தையில் இருந்து, தட்டத்தில் முகப்பவுடரைத் தூவி, அதில் சங்கிலிகளைப் போட்டு, இரண்டு குண்டூசியால் பிரித்தேன். இழுத்தால் முடிச்சு இன்னும் இறுகும். ஊசி நுனியை நடுவில் விட்டு மெல்ல மெல்ல அகட்ட வேண்டும். முக்கால் மணித்தியாலம். பவுண் சங்கிலியில் ஒரு கண்ணி நீண்டுவிட்டது.

அதைத் திருத்தக் கொடுத்த இடத்தில் நகை செய்யும் பெரியவர் பேசாமல் ஒரு நூலை எடுத்து என் கழுத்தில் அளந்து காட்டினார். ஒரே நீளமென்றால் மூன்றும் ஒரே இடத்தில் போய் விழும், பிறகு சிக்காமல் என்ன செய்யும்? 16, 18, 22 என்று குறைந்தது இரண்டு அங்குலமாவது விட்டுப் போட வேண்டுமாம், பாரமான பதக்கம் கடைசியில் தொங்கினால் அது தன் பாரத்திலேயே நேராய் நிற்குமாம். பவுணையும் ஸ்டீல் சங்கிலியையும் சேர்த்துப் போடாதே என்றும் சொன்னார், 22 கரட் மெதுமையானது, உரசித் தேய்ந்துவிடும்.

அளவு சரி. ஆனால் என் குட்டைக் கழுத்துக்கு 16 அங்குலம் ஒத்துவரவில்லை, யாரோ பிடித்து நெரிக்கிற மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு மூன்றைப் போட்டுக்கொண்டு போனால் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்ப்பார்களா, என் கழுத்தைப் பார்ப்பார்களா? அதனால் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். மேலே மெல்லிசாய் ஒன்று, கீழே அம்மாவின் பதக்கத்தை நீளச் சங்கிலியில் கோத்து. காதில் சின்னத் தோடு மட்டும். அந்தப் பெரிய ஜிமிக்கியையும் போட்டுப் பார்த்தேன், கோயில் தேர் மாதிரி இருந்தது.

எங்கள் அம்மாமார் அடுக்கியதற்கு வடிவு மட்டுமா காரணம்? அவசரத்துக்கு அடைவு வைக்க இருந்த சொத்தே அதுதானே. அம்மாவின் கழுத்தில் ஒவ்வொன்றாய்க் குறைந்ததை நானே பார்த்திருக்கிறேன். பதக்கம் மட்டும் எப்படியோ தப்பியது.

அப்புறம், கவரிங் வாங்கி அனுப்பாதே. இந்த உப்புக் காற்றுக்கும் வியர்வைக்கும் மூன்று மாதத்தில் பச்சை பிடித்துவிடும். வெள்ளி கறுத்தாலும் துலக்கலாம். நீ முத்துமாலை போடுவதென்றால் வாசனைத் திரவியமெல்லாம் அடித்து முடித்து, அது காய்ந்த பிறகு போடு, இல்லாவிட்டால் முத்து மங்கிவிடும்.

படத்தில் உன் பிடரிப் பக்கம் ஒரு கொக்கி தெரிந்தது, மூன்று சங்கிலியையும் தனித்தனியாய்க் கொழுவி வைக்கிறது. ஆவணியில் வரும்போது அதில் ஒன்று கொண்டு வா. இரண்டு கண் உள்ளது போதும்.

உன்
தோழி