குழம்பு உங்களுடையது, கிளாஸ் என்னுடையது

அண்ணா,

நீங்கள் சமைத்து நான் ஒயின் ஊற்றி, நமக்குள் சண்டையில் முடிந்த அந்த மீன் விருந்தை ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை மறுபடியும் வைப்பதென்று முடிவு செய்துவிட்டேன். கோயமுத்தூரில்தான், வேறு ஹோட்டலில். ஐந்து தட்டு, ஐந்து வெள்ளை ஒயின், எல்லாம் கிளாஸ் கணக்கில். ஜூலை 31 நள்ளிரவோடு கேரளத்தில் டிராலிங் தடை, அதாவது இழுவலைப் படகுகளுக்கான தடை, முடிகிறது. முதல் வாரம் கிளிமீனும் கரிக்காடி இறாலும் கணவாயும் வாளையார் எல்லை தாண்டி வந்து குவியும். விலை ஒரு நிலைக்கு வர இன்னும் ஒரு வாரம் வேண்டும். தேதி அப்படித்தான் அமைந்தது. அந்தத் தேதிக்கு வேறு கணக்கும் உண்டு, அது உங்களுக்குத் தெரியும்.

போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். இங்கே எழுதினால் தொழிலில் இருக்கிற யாராவது உங்களிடம் காட்டுவார்கள். என் ஊர்ச் சொந்தங்களும் இதைப் படிப்பார்கள். பெண்பிள்ளைக்கு ஒயின் ஊற்றுகிற வேலையா என்று ஏற்கெனவே பேச்சு இருக்கிறது. அதனால் எந்த ஹோட்டல், அன்று மேஜையில் யார் யார் என்பதை எழுதப் போவதில்லை.

உக்கடம் மீன் மார்க்கெட்டில் விடியற்காலை செவுளைத் தூக்கிப் பார்க்கிற உங்களுக்கு மீனைப் பற்றி நான் என்ன சொல்ல? ஒயின் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன். அதை நீங்கள் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. நாலு மணி ருசி பார்க்கிற நேரத்துக்குக் கூப்பிட்டால், "நீயே பாத்துக்க கண்ணு" என்று கிளம்பிவிடுவீர்கள்.

அன்று கடைசியாகப் போனது வஞ்சிரக் குழம்பு. ஓக் மரப் பீப்பாயில் வைத்த ஷார்டனே என்கிற வெள்ளை ஒயின் ஊற்றியிருந்தோம். ஒரு வாய் குடித்ததோடு எல்லா மேஜையிலும் கிளாஸ் அப்படியே நின்றது. நான் உள்ளே வந்து, "புளி கொஞ்சம் முன்னாடி நிக்குதுங்ணா" என்றேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. என் கையிலிருந்த கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தீர்கள். கரண்டியிலிருந்து இடது உள்ளங்கையில் இரண்டு சொட்டுக் குழம்பு விட்டு நக்கினீர்கள். மறுபடி ஒரு வாய் ஒயின். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினீர்கள். "பச்சத்தண்ணியாட்ட இருக்குது கண்ணு. உன்ற ஒயினு எங்கொழம்பத் தாங்காது." கிச்சன் பசங்க எல்லோரும் கேட்டார்கள்.

அதன்பின் அந்தக் கிளாஸைச் சோப்புப் போடாமல் வெறும் வெந்நீரில் அலசி, தண்டைப் பிடித்துத் துணியில் கவிழ்த்து வைத்தீர்கள். சோப்பு வாசம் கிளாஸில் தங்கினால் ஒயின் கெடும் என்று எப்போதோ நான் சொன்னதை அந்தக் கோபத்திலும் மறக்கவில்லை. அந்த ஒரு காரியத்துக்காகத்தான் இத்தனை நாள் உங்களை விட்டுக்கொடுத்துப் பேசாமல் இருக்கிறேன்.

அன்று ஊற்றியதில் பாதி, முந்தாநாள் ஒரு பார்ட்டியில் திறந்து மிஞ்சிய பாட்டில்கள். தீர்த்துவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. திறந்த வெள்ளை ஒயினை மூடிப் பிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். பாதிக்குக் கீழே இறங்கிய பாட்டிலில் காற்று அதிகம், அது அவ்வளவுகூடத் தாங்காது. நிறம் வைக்கோல் மஞ்சளிலிருந்து பழுப்புப் பக்கம் போகும், அடிபட்ட ஆப்பிள் வாசம் வரும். அன்று அந்த வாசம் வந்தது. தீர்த்துவிடச் சொன்னவர் நமக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் பாட்டிலைச் சொல்ல முடியாமல் உங்கள் புளியைச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் அண்ணா. ஆனால் புளியும் முன்னால்தான் நின்றது. நாலு மணிக்கு நான் ருசி பார்த்த குழம்பு வேறு, ஒன்பது மணிக்கு வெளியே வந்தது வேறு. நடுவில் கரைசல் சேர்த்தீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், புளியில் புளிப்பைக் கொடுப்பது டார்டாரிக் அமிலம். திராட்சையில் முதன்மையான அமிலமும் அதேதான். குளிர்ந்த வெள்ளை ஒயினின் அடியில் சர்க்கரை போல மினுக்குகிற தூள் இருக்கிறதே, அது அந்த அமிலத்தின் உப்பு. குழம்பும் ஒயினும் ஒரே புளிப்பில் மோதிக்கொள்கின்றன. எது கூடுதலோ அது மற்றதை விழுங்கிவிடும். குழம்பு கூடினால் ஒயின் தண்ணீராகத் தெரியும். நீங்கள் உள்ளங்கையில் கண்டுபிடித்தது அதைத்தான், துல்லியமாக. அதோடு ஓக் பீப்பாயின் லேசான கசப்பும் தாளிப்பில் போட்ட வெந்தயத்தின் கசப்பும் சேர்ந்துகொண்டன. எந்தக் கைக்காரர் சமைத்திருந்தாலும் அந்த ஜோடி தேறியிருக்காது.

இந்த முறை உங்கள் புளியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். ஒயினை மாற்றிவிட்டேன். குழம்புக்கு சோவின்யோன் பிளாங், பீப்பாய் பார்க்காதது, 8 டிகிரியில். இயல்பிலேயே புளிப்பு ஏறிய திராட்சை அது. பச்சை மிளகாய்த் தோலும் நெல்லிக்காயும் கலந்தது போல ஒரு வாசம். கறிவேப்பிலை தாளித்த எதற்கும் பக்கத்தில் நிற்கும். நியூசிலாந்தின் மார்ல்பரோ கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் நாசிக். தமிழ்நாட்டில் ஹோட்டலும் டாஸ்மாக் வழியாகத்தான் வாங்க வேண்டும். பட்டியலில் எது இருக்கிறதோ அதை வைத்துத்தான் நம் சமையல். வெயில் காலத்தில் லாரியில் வெந்து வந்த பாட்டிலை வந்த அன்றே திருப்பி அனுப்புகிறேன்: கார்க் கொஞ்சம் மேலே தள்ளியிருக்கும், கழுத்தில் பிசுபிசுப்பு இருக்கும்.

வரிசைக்கு நீங்கள் சண்டைக்கு வருவீர்கள். முதலில் நெத்திலி வறுவலும் ப்ரூட் வகை, அதாவது இனிப்பில்லாத, நுரை ஒயினும், எண்ணெயைக் குமிழி அறுக்கும். அடுத்தது கணவாய் மிளகு வறுவல், அதற்கு ஷெனின் பிளாங். மூன்றாவது தேங்காய்ப்பாலில் வாவல். அதற்குப் பெங்களூரு பக்கத்து நந்தி மலை வியோன்யே, குளிர் கொஞ்சம் குறைவாக, 11 டிகிரியில். ரொம்பக் குளிர்ந்தால் அதன் பூவாசம் அடங்கி வெறும் கனம்தான் நாக்கில் நிற்கும். நாலாவது குழம்பு, இரண்டு கவளம் சோறோடு. கடைசியில் இறால் பள்ளிபாளையம்.

குழம்புச் சோற்றுக்குப் பிறகு வறுவலா என்று கேட்பீர்கள். இறாலுக்கு நான் ஊற்றுவது இனிப்பு ஒட்டிய ரீஸ்லிங். மிளகாயின் எரிச்சலை ஒயினில் இருக்கிற சாராயம் தூக்கிவிடும், சர்க்கரை அடக்கும். அதனால் காரத்துக்கு 14 சதவீத ஒயின் ஆகாது. ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரைக் காபினெட் வகை ரீஸ்லிங் 8, 9 சதவீதத்திலேயே இருக்கும், இனிப்பும் இருக்கும். ஆனால் இனிப்பு ஒயினுக்குப் பிறகு இனிப்பில்லாதது எதை ஊற்றினாலும் மெலிந்து, வெடுக்கென்று புளிக்கும். காரம் ஏறிய நாக்குக்கு வாவலின் ருசியும் எட்டாது. காரமும் இனிப்பும் கடைசியில் போவதைத் தவிர வழியில்லை. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், மஞ்சள், கறிவேப்பிலை, அவ்வளவுதான், மசாலாத்தூள் கூடாது என்பதை இங்கே இருக்கிற சமையல்காரருக்குச் சொல்லிவிட்டேன். மிளகாயைக் கிள்ளி விதையை உதறினால் போதும் என்கிறார். காரம் முக்கால்வாசி உள்ளே இருக்கிற வெள்ளை நரம்பில்தான் என்பதை அவருக்கு நீங்கள் சொன்னால் எடுபடும், நான் சொன்னால் எடுபடாது.

சிவப்பு ஊற்றினால் என்ன என்று ஒருமுறை கேட்டீர்கள், பதில் சொல்வதற்குள் பில் வந்துவிட்டது. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காய்ந்த சிப்பிச் சதையோடு ஒயின்களைச் சோதித்து, ஒயினில் இருக்கிற இரும்புச் சத்துதான் அந்த மீன்கவிச்சிப் பின்ருசிக்குக் காரணம் என்று காட்டினார்கள். சிவப்பில் பெரும்பாலும் இரும்பு கூடுதல். மத்தி, அயிலை மாதிரி எண்ணெய் மீன் என்றால் இன்னும் மோசம்.

அளவு ஒரு கிளாஸுக்கு 75 மில்லி. 750 மில்லி பாட்டிலில் பத்துப் பேர். இருபது பேருக்கு ஒவ்வொரு ஒயினிலும் இரண்டு பாட்டில் என்று கணக்கர் எழுதுவார்; நான் மூன்றுக்கு அனுமதி கேட்டு வாங்கியிருக்கிறேன். கார்க் கெட்ட பாட்டில் ஒன்று வந்தால், அந்த நனைந்த அட்டைப்பெட்டி வாசத்தை எந்த மீனும் மறைக்காது. ஐந்து கிளாஸும் சேர்ந்தால் ஆளுக்கு 375 மில்லி, அரை பாட்டில். அதற்கு மேல் ஊற்றுவதில்லை. வண்டிச் சாவியை வாசலிலேயே வாங்கி வைத்து, வீட்டுக்கு அனுப்ப ஹோட்டல் கார் கேட்டிருக்கிறேன்.

வாளியில் வெறும் ஐஸ் போட்டால் இடுக்கில் காற்று நின்று பாட்டில் குளிராது. பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி கல் உப்பு. இருபது நிமிடம் போதும். ஊற்றிய கிளாஸ் ஏசி அறையிலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நாலைந்து டிகிரி ஏறிவிடும். தட்டு வெளியே வர மூன்று நிமிடம் இருக்கும்போதுதான் ஊற்ற வேண்டும். "தட்டு ரெடியா" என்று நான் உள்ளே வந்து நச்சரித்தது இதற்காக. நீங்கள் அதை அதிகாரம் என்று எடுத்துக்கொண்டீர்கள். உங்களை வேலை வாங்குகிற வயதா எனக்கு? குறுக்கே வராதே என்று பசங்க முன்னால் கரண்டியை மேடையில் தட்டினீர்களே, அதற்கு மன்னிப்பு உங்களிடமிருந்து இன்னும் வரவில்லை. வெளியே போய், நம்மூர்க்காரன் நாக்குக்கு ஒயினும் மீனும் ஆகாது என்று வேறு சொல்லி வைத்திருக்கிறீர்கள். அதே விருந்தில் உங்கள் வாவலோடு ஊற்றிய வியோன்யேவை எல்லோரும் காலி செய்ததை நீங்களே பார்த்தீர்கள்.

மேஜையில் எலுமிச்சையும் பச்சை வெங்காயமும் வைக்கப் போவதில்லை. எலுமிச்சையை அவரவர் இஷ்டத்துக்குப் பிழிந்தால் ருசி பார்த்து வைத்த கணக்கு போய்விடும். பச்சை வெங்காயம் கடித்த வாயில் ஒயினின் வாசம் ஏறாது. கேட்கிறவர்களுக்குத் தனியாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி உங்களிடம் வேண்டியது. அன்று நாலு மணிக்கு வாருங்கள். சமைக்க வேண்டாம், ருசி பார்த்தால் போதும். வர மனமில்லை என்றால் இரண்டு விஷயம் மட்டும் யாரிடமாவது எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்: ஒரு கிலோ வஞ்சிரத்துக்கு எத்தனை கிராம் புளி, மீனைப் போட்ட பிறகு எத்தனை நிமிடம் சிறுதீ. புளி எந்தக் கடை என்பதும் வேண்டும். பழைய கடைப் புளியில் செய்து பார்த்தேன், உங்கள் புளிப்பு வரவில்லை. அதை வைத்து நான் பாட்டில் ஆர்டர் போட முடியாது. ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமைக்குள் தெரிந்தாக வேண்டும்.