வாய்தா வேண்டாம் ஐயா, விசாரியுங்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட முதன்மை நீதிபதி அவர்களுக்கு,

வணக்கம். என் தம்பி விசாரணைக் கைதியாக உள்ளே போய் இரண்டு வருடம் ஒன்பது மாதம். வெள்ளையடிக்கப் போன வீட்டில் நகை திருடியதாக வழக்கு. எடுத்தானா இல்லையா என்று நான் வாதாட வரவில்லை, அதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும். இதுவரை ஒரு சாட்சிகூடக் கூண்டில் ஏறவில்லை. ஜாமீன் முன்பே கிடைத்தது. சொத்து காட்டிக் கையெழுத்துப் போட எங்கள் தெருவில் இரண்டு பேர் இல்லை.

போன செவ்வாய்க்கிழமையும் வாய்தா. சிறையில் மனு போட்டுப் பார்த்தால் நடுவில் கம்பிவலை, சுற்றிலும் இருபது பேர் சத்தம். கோர்ட்டுக்குக் கூட்டி வந்தால்தான் அம்மா அவன் பக்கத்தில் ஐந்து நிமிடம் நிற்க முடியும். அதற்காகவே முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, தூக்குவாளியில் புளிச்சோற்றோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வழிக்காவலுக்குப் போலீஸ் இல்லையாம். காணொலியில் அவனைக் காட்டித் தேதி வாங்கிவிட்டார்கள். மதியம்தான் யாரோ வந்து அம்மாவிடம் சொன்னார்கள். சோற்றைத் திருப்பி எடுத்து வந்தார்.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. பீகார் சிறைகளில் கிடந்தவர்களுக்காக 1979-லேயே உச்ச நீதிமன்றம் விரைவான விசாரணை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமை என்றது. எந்தக் குற்றமானாலும் அந்த உரிமை உண்டு என்று 1986-ல் பாட்னா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்னது. நான் பிறக்கும் முன்னே வந்த தீர்ப்புகள் இவை. இன்னும் யாருக்காகக் காத்திருக்கின்றன? பணமுள்ளவர் வழக்கென்றால் சாட்சிக்குச் சம்மன் ஒரே வாரத்தில் போய்ச் சேருகிறதே, எங்கள் வழக்கில் மட்டும் ஏன் முகவரி கிடைப்பதில்லை?

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்கிறேன். முதல் முறை வழக்கில் சிக்கியவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால், சொந்தப் பிணையில் விட வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு. தம்பி மேல் உள்ள குற்றத்துக்கு உச்சபட்சம் ஏழு வருடம்; அதில் மூன்றில் ஒரு பங்கு இரண்டு வருடம் நான்கு மாதம். தம்பி மேல் இது ஒன்றே வழக்கு. மனுப் போட வேண்டியது சிறைக் கண்காணிப்பாளர். அவர் போடவில்லை.

அந்த மனுவை உடனே போடச் சொல்லுங்கள். அடுத்த வாய்தாவில் தம்பியை நேரில் கொண்டுவரவும், சாட்சிகளை அடுத்தடுத்த நாளில் விசாரித்து முடிக்கவும் ஆவன செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு தேதி மட்டும் வேண்டாம் ஐயா.

இப்படிக்கு,
ஒரு விசாரணைக் கைதியின் அக்கா