கூரையில் சோலார் பனல்: காற்றையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியருக்கு,

உப்புவெளிப் பக்கம் இப்போது பல கூரைகளில் சோலார் பனல் மின்னுகிறது. நல்ல விடயம்தான். ஆனால், அதை எதில் பூட்டுகிறார்கள் என்று யாராவது ஏறிப் பார்த்தோமா?

என் வீட்டில் பூட்டியவர்கள் சில பிடிகளைக் கைமரத்தில் இறுக்காமல் வெறும் சீற்றில் மட்டும் திருகிவிட்டுப் போய்விட்டார்கள். கச்சான் காற்று தொடங்கியதும் இரவெல்லாம் கடகடவென்று சத்தம். ஒரு பனல் 20 கிலோவுக்கு மேல். பாரம்தானே, அசையாது என்று நினைத்திருந்தேன். காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும்போது அந்தப் பாரம் எந்த மூலைக்கு? கூரையின் விளிம்பிலும் மூலைகளிலும் இழுப்பு இன்னும் கூட. அந்த இடங்களை விட்டுத் தள்ளிப் பூட்டுவது நல்லது.

அடுத்தது உப்புக்காற்று. அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்பு ஆணி போட்டால் சீக்கிரம் அரித்துவிடும். 316 ரகத் துருப்பிடிக்காத உருக்கு ஆணி விலை கூடத்தான், கடலோரத்துக்கு அதுதான் சரி. துளைக்கு ரப்பர் வாசரும் வேண்டும், இல்லாவிட்டால் மாரியில் வீட்டுக்குள் வாளி வைக்க வேண்டிவரும்.

1964 சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். 2020 டிசம்பரில் புரெவியும் நம் மாவட்டத்தைத் தொட்டுத்தான் போனது. பூட்ட வருபவரிடம் காசு கொடுக்குமுன் கைமரத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை