தெவசத்தன்றைக்குத் தக்காளி

கும்பகோணம்,
ஞாயிறு மத்தியானம்.

அன்புள்ள குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுதவும் என்று போட வேண்டும், நீதான் எழுத மாட்டாயே. இன்றோடு 23 நாள். போனில் நீ கடைசியாக வந்துபோன நேரம் மட்டும் தெரிகிறது. உங்கள் ஊர் கணக்குக்கு ராத்திரி ஒன்றரை. அந்த நேரத்தில் என்ன முழிப்பு? நேரத்துக்குத் தூங்கு. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்றைக்கு நான் அப்படி அனுப்பியிருக்கக் கூடாது. ஐயர் இன்னும் கிளம்பவில்லை, பிரண்டை நறுக்கி கையெல்லாம் அரிப்பு, கோமதி அத்தை பக்கத்தில் உட்கார்ந்து என் போனை எட்டிப் பார்க்கிறாள். உன் படம் வந்தது. செக்கச்செவேலென்று தக்காளி. "அப்பா தெவசத்தன்றைக்குக்கூடவா தக்காளி?" என்று தட்டிவிட்டேன்.

படத்தில் இரண்டு தட்டு இருந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லையே.

அதிலிருந்து தக்காளியைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. முப்பத்தோரு வருஷம் வரலாறு நடத்தினேன். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498 என்று எத்தனை பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன்! அவன் பின்னால் வந்த போர்த்துக்கீசியக் கப்பல்களில் தக்காளியும் மிளகாயும் வந்ததை ஒரு வகுப்பிலும் சொல்லவில்லை. பாட்டி கடைசிவரை சீமைத்தக்காளி என்றுதான் சொன்னாள், ஞாபகம் இருக்கிறதா? மணத்தக்காளி, கத்தரி, சுண்டைக்காய், தூதுவளை எல்லாம் அதற்குப் பங்காளிகள்தானாம். கொல்லையில் சொந்தக்காரர்கள் நிறையவே இருந்திருக்கிறார்கள். இப்போது சீமை என்ற வார்த்தை உதிர்ந்துபோய், வெறும் தக்காளி என்றால் வெளியூரிலிருந்து வந்ததுதான். நம்மூர்க்காரன் பெயருக்குத்தான் முன்னால் மணம் சேர்க்க வேண்டியிருக்கிறது.

நீ இருக்கிற நேப்பிள்ஸ்காரர்களும் அதை லேசில் அடுப்படிக்குள் விடவில்லை. ஆண்டிஸ் மலைப்பக்கம் காட்டுச் செடியாகக் கிடந்ததை மெக்சிகோ ஜனங்கள் தோட்டத்தில் வளர்த்து மிளகாயோடு அரைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். தொமாத்ல் என்பது அவர்கள் பாஷையில் வந்த பெயர். 1521ல் ஸ்பெயின்காரர்கள் அவர்கள் தலைநகரைப் பிடித்தார்கள். 1544ல் இத்தாலியில் மத்தியோலி என்ற வைத்தியர், கத்தரிக்காய் மாதிரி எண்ணெயில் வதக்கி உப்பும் மிளகும் போட்டுத் தின்கிறார்கள் என்று எழுதிவைத்தார். 1548 அக்டோபர் 31 அன்று பீசா நகரத்தில் கோசிமோ தெ மெதிச்சி பிரபுவின் வீட்டுக்கு ஒரு கூடை தக்காளி வந்தது. பத்திரமாக வந்து சேர்ந்தது என்று காரியஸ்தர் கடிதம் போட்டிருக்கிறார். பார், ஒரு கூடை தக்காளி போய்ச் சேர்ந்ததற்குக்கூடக் கடிதம் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஊமத்தை வகையறா என்று பயம். இங்கிலாந்தில் ஜெரார்ட் என்பவர் 1597ல், ஸ்பெயினிலும் இத்தாலியிலும் சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தும், நாற்றம் பிடித்தது, உடம்பில் ஒட்டாது என்று எழுதினார். நம் அத்தை மாதிரி ஆள் போலிருக்கிறது. 1690களில்தான் உன் ஊரிலேயே லத்தீனி என்ற சமையல் மேற்பார்வையாளர் தக்காளிக் குழம்பு ஒன்றை அச்சில் ஏற்றினார். தணலில் சுட்டு, தோலுரித்து, பொடியாக நறுக்கி, வெங்காயம், மிளகாய், உப்பு, எண்ணெய், வினிகர். வினிகரைப் புளியாக்கிவிட்டால் பாட்டியின் சுட்ட கத்தரிக்காய்க் கொத்சுதான். அதையும் அவர் தன் ஊர்ச் சமையல் என்று சொல்லிக்கொள்ளவில்லை, ஸ்பெயின் முறை என்றே தலைப்புப் போட்டார். 1839ல் கவல்காந்தி என்பவருடைய புத்தகத்தில் சேமியாவும் தக்காளியும் ஒரு தட்டுக்கு வந்துவிட்டன. அதுவும் நேப்பிள்ஸ்தான். கூடை வந்ததிலிருந்து கணக்குப் போட்டேன், 291 வருஷம்.

எனக்கு அவ்வளவு ஆயுசு இல்லை.

லைப்ரரிக்காரர் உன்னை விசாரித்தார். என் பெண் இத்தாலியில் ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொன்னபோது மேஜையில் இருந்த நாலு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதுதான், என்ன ஆராய்ச்சி என்று கேட்டிருந்தால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாதே என்று உறைத்தது. நீ சொன்னால்தானே தெரியும். உன் தம்பி ஒன்றுக்கும் உதவாதவன்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூப்பிட்டுவிடுகிறான்.

சாப்பாட்டை விடாதே. ராத்திரி வெறும் ரொட்டியோடு படுக்காதே.

ஒன்று உன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டேன். டயாலிசிஸ் ஆரம்பித்ததும் பொட்டாசியம் ஏறும் என்று டாக்டர் தக்காளி, வாழைப்பழம், இளநீர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார் அல்லவா? அப்பா ஒன்றுமே கேட்கவில்லை, பாவம், கொடுத்ததைச் சாப்பிட்டார் என்று உனக்குச் சொன்னேன். கேட்டார். ஆவணி மாதம், நல்ல மழை, பக்கத்து வீட்டில் தக்காளி ரசம் தாளிக்கிற வாசனை இங்கே வந்தது. "ஒரே ஒரு கரண்டி" என்றார். முடியாது என்று சொல்லியிருந்தால் தப்பில்லை. "சாகணும்னா குடிங்க" என்றேன். மூன்று நாளாகத் தூக்கமில்லாத கோபம். அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன்பிறகு எதையுமே கேட்கவில்லை. அதைத்தான் உன்னிடம் "ஒன்றுமே கேட்கவில்லை" என்று சொன்னேன் போலிருக்கிறது.

வருஷத்துக்கு ஒரு தரம் அவருக்கு இலை போடுகிறோம். மிளகு ரசம், வாழைக்காய், பாகற்காய், பிரண்டைத் துவையல். அன்றைக்கும் அவருக்குத் தக்காளி கிடையாது. சாஸ்திரத்தை மாற்று என்று ஐயரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நீ நாலாயிரம் மைலுக்கு அப்பால், உனக்குத் தெரியாமலே, அந்த நாளில் அதைத் தட்டில் வைத்திருக்கிறாய். நான் உன்னைத் திட்டிவிட்டேன்.

போனவாரம் தக்காளி ரசம் வைத்தேன். ஒரு கரண்டியை டம்ளரில் ஊற்றி அவர் படத்துக்குக் கீழே வைத்தேன். அத்தையிடம் சொல்லாதே.

தபாலில் அப்பளமும் நார்த்தங்காயும் வைத்திருக்கிறேன். ரசப்பொடி இரண்டு பொட்டலம். நூல் சுற்றியது உனக்கு. ரப்பர் பேண்ட் போட்டதில் மிளகாயைப் பாதியாகக் குறைத்து அரைத்திருக்கிறேன், பழக்கமில்லாதவர்கள் யாராவது சாப்பிட்டால் கண்ணில் தண்ணீர் வரக்கூடாதில்லையா.

இப்படிக்கு,
அம்மா