ஒரு ரூபாய் பாக்கி

நாகர்கோவில்,
மே மாதம் 19.

அன்புள்ள நண்பனுக்கு,

நான் நலம், வீட்டில் அனைவரும் நலம். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கட்டாயம் வந்துவிடுவேன் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வராமல் போனது இன்றுவரை நெஞ்சில் முள்ளாகத்தான் கிடக்கிறது. அந்த வாரமே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. ஒரு மாதம் கழிந்தபின் எதைச் சொல்லித் தொடங்குவது என்ற தயக்கம் வந்தது, அந்தத் தயக்கம் பத்து மாதமாக வளர்ந்துவிட்டது. நீ கோபமாக இருந்தால் அது நியாயமான கோபம். அதை ஓரமாக வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை மட்டும் கடைசிவரை படித்துவிடு. நேற்று முன்தினம் பத்மநாபபுரம் கொட்டாரத்தில் நடந்ததை உன்னைத் தவிர வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும்.

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை ஊருக்கு அழைத்து வந்திருக்கிறேன். பெரியவனுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு ஆறு. கடற்கரையும் திற்பரப்பு அருவியும் முடிந்தபிறகு, கொட்டாரம் பார்க்கலாம் என்று நான் சொன்னதும் பெரியவன் முகத்தைச் சுளித்தான். அரண்மனை என்றால் அவனுக்குப் பொன் சிம்மாசனமும் கண்ணாடி விளக்கும் வேண்டும். இது மரவீடு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உன் சித்தப்பா மகனையும் புறப்படும்போது தெருவில் பார்த்தேன். அவர் சொன்ன செய்திக்குப் பிறகு வருகிறேன்.

தக்கலையில் பேருந்தை விட்டு இறங்கும்போதே மணி பத்தரை. தார்ச்சாலை கொதித்தது. கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே போனால், இரண்டு மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளும் அன்றைக்கே புறப்பட்டு வந்ததுபோலக் கூட்டம். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு முற்றத்து மண்ணில் நடந்தபோது சின்னவள் சூடு தாங்காமல் என் இடுப்பில் ஏறிக்கொண்டாள். தமிழ்நாட்டு ஊரில் இத்தனை மலையாளப் பலகைகள் எதற்கு என்று பெரியவன் கேட்டான். 1956 நவம்பர் முதல் தேதி கல்குளம் தாலுகா நம் பக்கம் வந்ததையும், கொட்டாரம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே நின்றுவிட்டதையும் சொன்னேன். அந்தக் கணக்கு அவனுக்குப் பிடித்திருந்தது.

முகப்புக் கூடமான பூமுகத்தில் நுழைந்ததும் இருவரும் அண்ணாந்தார்கள். கூரையின் அடிப்பலகையில் தலைகீழாக மலர்ந்திருக்கும் பூக்கள் தொண்ணூறு என்றும், ஒன்றுபோல் மற்றொன்று இல்லை என்றும் அங்கே சொன்னார்கள். பெரியவன் எண்ணத் தொடங்கி நாற்பதைக் கடந்ததும் கழுத்து வலித்து விட்டுவிட்டான். குதிரை விளக்கு இருந்த இடத்திலேயே தொங்குகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கமே பார்த்து நிற்கும் என்று அன்றைக்கு நீ எனக்குச் சொன்னதை நான் அவர்களுக்குச் சொன்னேன். முற்றத்து உருண்டைக்கல்லையும் காட்டினேன். நீ அதை எவ்வளவு உயரம் தூக்கினாய் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த நன்றி உனக்கு இருக்கட்டும்.

மாடியில் அரசரின் ஆலோசனைக் கூடமான மந்திரசாலைக்குள் கால் வைத்ததும் நின்றுவிட்டோம். வெளியே தீயாய் எரிந்த வெயில், மரச்சட்டங்களின் இடுக்கிலும் ஜன்னலில் பதித்த வண்ண அபிரகத் தகடுகளிலும் வடிந்து, சாயங்காலம்போல உள்ளே விழுந்துகொண்டிருந்தது. கால்களின் கீழே அந்தக் கறுப்புத் தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்பது நமக்குத் தெரிந்த கதைதான். சின்னவள் யாரையும் கேட்காமல் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டாள். எண்ணெய் தேய்த்துத் துடைத்த தோசைக்கல்போல மினுங்கிய அந்தத் தரையில் அவள் மூக்கின் நிழல்கூடத் தெரிந்தது. “அப்பா, இதுக்குக் கரண்டு எங்கேருந்து வருது?” என்று கேட்டாள். மின்விசிறியோ குளிர்சாதனமோ இல்லாமல் ஓர் அறை இப்படிக் குளிர்ந்திருக்க முடியும் என்பது அவளுக்கு நம்பமுடியாத செய்தி.

அப்போதுதான் உன் அப்பாவின் குரல் எனக்குள் கேட்டது. 1996 கோடையில், நாம் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்தோம். தக்கலையில் ஒரு வீட்டுக்குக் கதவு அளவெடுக்க வந்தவர் நம்மையும் கூட்டிக்கொண்டு வந்து இதே இடத்தில்தான் நிறுத்தினார். கூரையின் சரிவு ஏன் இவ்வளவு செங்குத்து, இறவாரம் ஏன் ஆள் தலையை இடிக்குமளவுக்குத் தாழ்ந்து வருகிறது, சுவருக்குப் பதிலாக ஏன் இத்தனை மரக்கிராதி அழிகள், நடுவில் முற்றத்தை ஏன் வானத்துக்குத் திறந்துவிட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நாம் விழித்தபின் தானே பதில் சொன்னார். “காத்தையும் ஒரு வேலையாளா வச்சுத்தான் இத கட்டியிருக்கான்” என்றார். அந்த ஒரு வரியைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அதற்குமேல் அவர் சொன்னதில் எனக்குப் பாதிகூட நினைவில்லை என்பதை அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன்.

ஊட்டுப்புரையையும் உப்பரிகை மாளிகையையும் விரைவாகத்தான் பார்த்தோம். ஆயிரம் பேர் ஒரே பந்தியில் உட்காரக்கூடிய கூடம் என்றதும் சின்னவள் அத்தனை இலையையும் யார் எடுப்பார்கள் என்று கவலைப்பட்டாள். அறுபதுக்கும் மேற்பட்ட மருந்து மரங்களால் செய்த கட்டிலைப் பார்க்கும் கூட்டத்தில் எங்களால் அருகே போக முடியவில்லை. நவராத்திரி மண்டபத்தில் அரண்மனைப் பெண்கள் மறைந்திருந்து நாட்டியம் பார்த்த மரத்தடுப்பின் துளைகள் அவளுக்குப் பிடித்துப்போய், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி எட்டிப் பார்த்தாள். கம்பர் வழிபட்டதாகச் சொல்லப்படும் சரஸ்வதி இந்த இடத்தில்தான் இருக்கிறாள் என்றும், ஒவ்வொரு நவராத்திரிக்கும் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போய்வருகிறாள் என்றும் சொன்னதைக் கைகூப்பியபடி கேட்டாள்.

இனி, எழுத வந்த விஷயம்.

தாய்க்கொட்டாரத்தில் நான்கு பக்கமும் வீடு சூழ்ந்த நாலுகெட்டு முற்றத்தின் ஓரத்தில், பலாமரத் தூணின் அருகே நின்றோம். அடிமுதல் தலைவரை பூவும் கொடியுமாகச் செதுக்கிய அந்தத் தூணை நீ மறந்திருக்க மாட்டாய். அங்கே நின்றுதான் அப்பா தம் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் காட்டினார். முற்றத்தைச் சுற்றிய இந்தக் கூரையில் ஓர் ஆணியைக் கண்டுபிடிக்கிறவனுக்கு இது என்றார். நாம் ஒரு மணிநேரம் தேடினோம். உத்தரத்தின் மேல் உத்தரம் எப்படி உட்காருகிறது, ஒன்றின் நுனியை நாக்குபோல மெலித்து மற்றதன் குழியில் இறக்கி ஆப்பு அடித்தால் எப்படி அசையாமல் நிற்கும் என்பதையெல்லாம் நமக்குத் தெரியாமலே நம்மைப் பார்க்க வைத்தார். ஆணி கிடைக்கவில்லை. நாணயம் அவர் பைக்கே திரும்பியது. அதன்பின் பத்து வருடம் உன் வீட்டுத் திண்ணையில் அந்த ரூபாயை வைத்து அவரை நாம் கேட்காத நாளில்லை.

இந்தக் கதையைச் சொல்லிப் பெரியவனையும் தேட விட்டேன். அதுவரை சிம்மாசனம் எங்கே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த பிள்ளை, அதன்பின் நாற்பது நிமிடம் வாயே திறக்கவில்லை. ஒவ்வொரு மூலையிலும் நின்று, கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு, கூரையின் சாய்வு மரங்களான கழுக்கோல்கள் வந்து சேருகிற இடங்களையெல்லாம் பார்த்தான். கூட்டம் வந்தது, போனது, அவன் நகரவில்லை. பின்பு என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், கூரையில் அல்ல, அதற்குக் கீழே ஓர் அழிச்சட்டத்தின் மூலையில், நிழலில், கடுகைவிடச் சற்றுப் பெரிதாக இருந்த கறுப்புப் புள்ளி ஒன்றைக் காட்டினான். குனிந்து பார்த்தேன். இரும்பு. ஆணித்தலைதான்.

அவனுக்கு மகிழ்ச்சி வந்த அதே நொடியில் அவன் முகம் வாடியும்விட்டது. “அப்போ தாத்தா சொன்னது தப்பா?” என்று கேட்டான். அவன் உன் அப்பாவைப் பார்த்ததேயில்லை. இருந்தாலும் அவர் தோற்றுவிட்டாரோ என்று அவனுக்குக் கவலை. அவர் கூரையைத்தான் சொன்னார், சட்டத்தைச் சொல்லவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். பிற்காலத்தில் பழுது பார்த்தவர்கள் அடித்த ஆணியாக இருக்கும் என்றும் சொல்லியிருக்கலாம். எதுவும் எனக்கு நிச்சயமாகத் தெரியாதே. தச்சு வேலை தெரிந்த ஒருவரிடம் பதினைந்து வருடம் பழகியும், அவர் விரல் நீட்டிப் பேர் சொன்ன மரங்களில் நான்குகூட எனக்கு வாயில் வரவில்லை. எனக்குத் தெரியாது என்றேன். “தெரிஞ்சவங்க யாரு?” என்றான். உன் பேரைச் சொன்னேன்.

திரும்பி வரும்போது பேருந்து உதயகிரிக் கோட்டையைக் கடந்தது. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுப் பிடிபட்டு, பின்பு அதே திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் கல்லறை அதற்குள் இருக்கிறது என்றும், அதன் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது என்றும் சொன்னேன். தாய்க்கொட்டாரத்துத் தூணைச் செதுக்கியவருக்குக் கல்லறை எங்கே என்று பெரியவன் கேட்டான். அந்தக் கேள்வி இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. 1601-ஐ ஒட்டி ஆண்ட ரவிவர்மாவின் பேர் தெரியும். கொட்டாரத்தைப் பெரிதாக்கிக் கட்டிய மார்த்தாண்ட வர்மாவின் பேர் தெரியும். அவர் 1729 முதல் 1758 வரை ஆண்டார் என்பதும் தெரியும். உளி பிடித்தவர்களின் பேர் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் கைக்குத் தெரிந்தது அப்பாவின் கைவரை வந்து சேர்ந்திருந்தது. அது உன் காதுவரையாவது வந்திருக்கிறது.

இப்போது உன் சித்தப்பா மகன் சொன்ன செய்தி. பட்டறையைக் காலி செய்து இடத்தை விற்கப் போகிறாயாம். அப்பாவின் உளிகளையும் இழைப்புளிகளையும் எடை போட்டுப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க ஏற்பாடாம். நீ வங்கி வேலைக்குப் போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவுக்கும் இருந்ததில்லை. உன் நியமன ஆணையைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான். இடத்தை விற்பது உன் குடும்பக் காரியம், அதில் நான் தலையிட மாட்டேன். அந்தப் பெட்டியை மட்டும் கொடுத்துவிடாதே. உன் வீட்டில் இடமில்லையென்றால் எங்கள் வீட்டு மச்சில் இருக்கட்டும், வண்டிக்கூலி என்னுடையது. அவருடைய முழக்கோல் எந்தச் சுவரில் சாத்தியிருந்தது என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. காரியத்துக்கு வராதவனுக்கு இதைக் கேட்க உரிமை உண்டா என்று நீ கேட்கலாம். உரிமை இல்லாமலேதான் கேட்கிறேன்.

ஜூன் முதல் வாரம்வரை நாங்கள் ஊரில்தான் இருப்போம். ஒரு சனிக்கிழமை பார்த்து வா. திங்கட்கிழமை கொட்டாரம் மூடியிருக்கும், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது. நேற்று முன்தினம்போல வெயில் ஏறியபின் போகாமல், காலை ஒன்பது மணிக்குத் திறக்கும்போதே உள்ளே போய்விடலாம். நீ ஒவ்வொரு மரத்தையும் காட்டிப் பேர் சொல். பெரியவன் எழுதிக்கொள்வான், அவனுக்கென்று ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். உன் மகளையும் அழைத்து வா. சின்னவள் அந்தத் தரையில் அவளுக்கும் சேர்த்து இடம் பிடித்து வைப்பதாகச் சொல்கிறாள்.

கணக்கு சார் உன்னை விசாரித்தார். அம்மா உனக்காக மட்டிப்பழம் பழுக்க வைக்கப் போவதாகச் சொல்லச் சொன்னார்.

பெரியவன் வரைந்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அழியின் மூலை, ஆணித்தலை, அருகில் அளவுக்காகத் தன் சுண்டுவிரல் நகம். தலை சரியான வட்டமாக இல்லை, ஒரு பக்கம் சப்பையாக இருந்தது என்பதைக் கட்டாயம் எழுதச் சொன்னான். பழைய ஆணியா புதிய ஆணியா என்று அதை வைத்து நீ சொல்லிவிடுவாயாம். பழையது என்று நீ சொன்னால் அப்பா காட்டிய அந்த ஒரு ரூபாய் தனக்குச் சேர வேண்டும் என்றும், அதை அஞ்சலில் அனுப்பக்கூடாது, நேரில் கொண்டுவந்து தர வேண்டும் என்றும் சொல்கிறான்.

என்றும் உன்
நண்பன்