சிவப்புக் கயிறு மாட்டாமல் படகு இறங்கக் கூடாது: மீனவ ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு ஒரு திறந்த மடல்

நாகை, காரைக்கால், தரங்கம்பாடிக் கரையோர ஊர்களின் நாட்டார்களுக்கும் பஞ்சாயத்தாருக்கும் வணக்கம்.

ஊரில் ஒரு சாவு விழுந்தால் அன்று ஒரு படகும் கடலில் இறங்குவதில்லை. கோயில் திருவிழாவுக்குத் தொழிலை நிறுத்தச் சொல்லி நீங்கள் ஒலிபெருக்கியில் அறிவித்தால் மறுபேச்சு கிடையாது. எந்த வலை கூடும், எது கூடாது என்பதிலும் உங்கள் சொல் நிற்கிறது. அதனால்தான் மீன்வளத் துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். படகின் பின்பலகைக்கு வெளியே மாட்டும் வெளிப்பொருத்து இயந்திரத்தை ஓட்டுபவர், அதன் நிறுத்து கயிற்றை உடம்பில் மாட்டிக்கொள்ளாமல் கரையை விட்டுப் போகக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு கொண்டுவாருங்கள்.

இயந்திரத்தோடு வரும் சிவப்புச் சுருள் கயிறுதான் அது. ஒரு முனை ஓட்டுபவரின் மணிக்கட்டில், மறுமுனையிலுள்ள பிளாஸ்டிக் கவ்வி நிறுத்து சுவிட்சில். கவ்வி கழன்றால் இயந்திரம் அப்போதே நின்றுவிடும். பழுதுபார்க்க என்னிடம் வரும் இயந்திரங்கள் பலவற்றில் கயிறு அறுக்கப்பட்டு, கவ்வி மட்டும் நிரந்தரமாகச் செருகப்பட்டிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

ஏனென்றால், அமரத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், நின்று ஓட்டுபவர் அலை மோதித் தவறி விழுந்தால் படகு நேராகப் போய்விடுவதில்லை. படகைத் திருப்பப் பிடித்திருந்த கைப்பிடி விடுபட்டதும், நீருக்குள் விசிறி சுழலும் விசையே இயந்திரத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். படகு வட்டமடித்து, விழுந்தவர் நீந்திக்கொண்டிருக்கும் இடத்துக்கே திரும்பி வரும். இயந்திரம் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடினால், கியர் பாதியாகக் குறைத்த பிறகும் விசிறி விநாடிக்கு ஏறக்குறைய 40 முறை சுழல்கிறது. படகின் முன்பக்கமான அணியத்தில் வலையோடு இருப்பவர்கள் அமரத்துக்கு ஓடி வந்து நிறுத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த உல்லாசப் படகை வேகமாக ஓட்டுபவர் இந்தக் கயிற்றை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் முதல் சட்டமே இருக்கிறது. பிழைப்புக்காக இருட்டில் கடலேறும் நம் பிள்ளைகளுக்கு அந்தக் காப்பு இன்னும் அதிகமாகத் தேவை.

இயந்திரத்தைச் சரியாகப் பொருத்தாததும் ஆளைத் தள்ளிவிடுகிறது. பின்பலகைக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள சாய்வுக் கம்பியை எந்தத் துளையில் போடுகிறோம் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. இயந்திரம் அளவுக்கு மேல் வெளிப்புறம் சாய்ந்தால் அணியம் தூக்கிக் குதிக்கும். உட்புறம் சாய்ந்தால் அணியம் நீரில் புதைந்து, படகு எதிர்பாராமல் பக்கவாட்டில் இழுக்கும். பனிக்கட்டியும் வலையும் ஏற்றிப் போகும்போது சரியாக இருந்த சாய்வு, வெறும் படகுக்குப் பொருந்தாது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு துளை மாற்றிப் பாருங்கள். விசிறிக்கு மேலே சிறு துடுப்புத் தகடு உள்ள இயந்திரங்களில், படகு இடப்பக்கம் இழுத்தால் தகட்டின் பின்முனையையும் இடப்பக்கமே கொஞ்சம் திருப்ப வேண்டும். கைப்பிடியோடு மல்லுக்கட்டும் வேலை பெருமளவு குறையும். பின்பலகையைக் கவ்வும் திருகுகள் அதிர்வில் தளரும். தினமும் முறுக்கிப் பார்ப்பதோடு, இயந்திரத்தைப் படகோடு ஒரு சங்கிலியாலும் பிணைத்துவிடுங்கள்.

கயிறு வலை இழுக்கும்போது தடுக்கும் என்பார்கள். வலை இழுக்கையில் விசிறி சுழலவே கூடாது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கயிற்றைக் கழற்றிக்கொள்ளலாம். முகத்துவாரத்தில் அலைக்கு நடுவே தவறுதலாகக் கழன்றால் படகு புரண்டுவிடுமே என்று மூத்தவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குத்தான் கயிறு கை அசைய இடம் கொடுக்கும் நீளத்தில் இருக்கிறது. மாற்றுக் கவ்வி ஒன்றைப் படகில் எல்லோரும் அறிந்த இடத்தில் கட்டி வையுங்கள். ஓட்டுபவர் விழுந்தாலும் மற்றவர்கள் அதைச் செருகி, இயந்திரத்தைக் கிளப்பி, அவரிடம் போகலாம். நெருங்கும்போது கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

கட்டுப்பாட்டை நடத்துவதும் எளிது. காலையில் இயந்திரத்தைக் கிளப்பியதும் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் சுவிட்ச் பழுது, அன்று அந்தப் படகு இறங்க வேண்டாம். அபராதம் வேண்டுமா என்பதை நீங்கள் கூடிப் பேசுங்கள். சாய்வு பார்ப்பதையும் சுவிட்சைச் சோதிப்பதையும் உங்கள் ஊர் ஏலக்கூடத்தில் வந்து செய்துகாட்டுகிறேன், கூலி வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கரையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன்