தலையாட்டிய கதை

மன்னார்குடி,
ஐப்பசி 20

அன்புள்ள சந்துரு,

இங்கே எல்லாரும் நலம். எட்டு மாதமாக எழுதவில்லை, திட்டுவதை நேரில் வந்து திட்டு. குறுவை தப்பித்தது. சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருக்கிறது. இந்த மழை வயலில் நிற்காமல் வடிந்தால் சரி. கமலியின் முழங்கால் வலி அப்படியேதான். இப்போது எழுதுவது உன்னிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள.

போன வாரம் உன் சம்பந்தி வாட்ஸ்அப்பில் உனக்கே ஒரு ஸ்டிக்கர் அனுப்பினாராமே, வழுக்கைத் தலை ஒன்று "சரி சரி" என்று ஆடுகிற மாதிரி. அது நீதான். செய்தவன் நான்.

கடிதத்தைக் கசக்காதே, முழுக்கப் படி. ஃப்ளெக்ஸ் வந்ததிலிருந்து என் தூரிகைகள் பரணில் கிடக்கின்றன. கடைசியாக எழுதியது அந்த உரக்கடை போர்டு. அதிலும் 'யூரியா'வுக்குத் துணைக்காலை விட்டுவிட்டேன் என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாய். மே மாத லீவுக்கு வந்த தங்கச்சி பேரன்தான், போனில் விரலாலேயே வரையலாம், வரைந்ததை ஆடவும் வைக்கலாம் என்று காட்டினான். தப்பாகப் போனால் ஒரு தட்டு, கோடு காணாமல் போய்விடுகிறதடா! டர்பன்டைன் வேண்டாம், பழந்துணி வேண்டாம். முப்பது வருஷத் தொழிலில் எனக்கு இந்த ஒரு வசதி கிடைத்திருந்தால் உன் வாயை அடைத்திருப்பேன்.

ஆனால் கெடுபிடி அதிகம். வாட்ஸ்அப்பில் போட வேண்டுமானால் ஆடுகிற படம் 512க்கு 512 பிக்சல் சதுரம், எடை 500 கேபிக்குள். என் முதல் படம் இரண்டு எம்பி. பின்னணியை எடுக்கத் தெரியாமல் அனுப்பியதில் நீ வெள்ளைப் பெட்டிக்குள் இருந்தாய், இரங்கல் விளம்பரம் மாதிரி. பின்னணியை எடுத்த பிறகு, கறுப்புத் திரை வைத்திருப்பவர்கள் போனில் உன் மீசை காணவில்லை. போர்டில் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுப்போமே, அதையே இழுத்தேன், மீசை வந்துவிட்டது. பழைய தொழில் முழுக்கச் சாகவில்லை.

தலையாட்டுதான் என்னைப் படுத்தி எடுத்தது. விநாடிக்கு 12 படம் போதும் என்றான் பேரன். ஒவ்வொன்றிலும் உன்னை முழுசாக வரைந்தேன். ஓட்டிப் பார்த்தால் காது ஒரு படத்தில் பெரிசு, அடுத்ததில் சிறிசு, உடம்பெல்லாம் நடுக்கம். ஜன்னி கண்டவன் மாதிரி இருந்தாய். இரண்டு வாரம் போனைத் தொடவில்லை.

அப்புறம் ஒரு நாள் தஞ்சாவூரில் கடை வாசலில் தலையாட்டி பொம்மையைப் பார்த்து நின்றுவிட்டேன். அதில் தலை தனி, உடம்பு தனி. தலை ஒரு கம்பி முனையில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மூச்சு முட்டச் சிரித்தேன், கடைக்காரர் பயந்துவிட்டார். வீட்டுக்கு வந்து உன் உடம்பை ஒரே ஒரு தடவை வரைந்து கீழே வைத்தேன், தலையை மட்டும் தனி லேயரில், அதாவது மேலே வைத்த கண்ணாடித் தாள் மாதிரி ஓர் அடுக்கில். முதலில் தலை சுழல்கிற ஆணியை அதன் நடுவிலேயே அடித்துவிட்டதால் ராட்டினம் மாதிரி சுற்றினாய். ஆணியைக் கழுத்துக்கு இறக்கினேன், ஆடினாய்.

இன்னும் ஏதோ இடித்தது. பொம்மையை வாங்கி வந்து மேஜைமேல் தட்டிவிட்டு, போனில் படம் பிடித்து மெதுவாக ஓட்டினேன். மேலே போனதும் ஒரு கணம் தயங்குகிறது. நடுவில் சர்ரென்று பாய்கிறது. கீழே வந்ததும் மறுபடி தயங்குகிறது. அப்படியானால் இரண்டு ஓரத்திலும் படங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும், நடுவில் தள்ளித் தள்ளி. ஐந்து படம் கீழே இறங்க, நடு மூன்றைத் திருப்பிப் போட்டு மேலே ஏற்ற, எட்டுப் படத்தில் முடிந்தது. ஹெட்மாஸ்டர் அறையில் எதைக் கேட்டாலும் ஆட்டுவாயே, அதே தலை! ராத்திரி ஒரு மணிக்குக் கமலியை எழுப்பிக் காட்டினேன். அவள் என்ன சொன்னாள் என்று எழுத மாட்டேன்.

ஒரு பேக்குக்கு, அதாவது தொகுப்புக்கு, மூன்று ஸ்டிக்கராவது வேண்டும் என்றது வாட்ஸ்அப். டீக்கடை ராசு ஆற்றுகிற டீ ஒன்று. இன்னொன்று பூனைக்கண் சார் பிரம்பு. அதற்கு இரண்டே படம்: பிரம்பு மேலே, பிரம்பு கீழே. நாம் வாங்கியபோதும் நடுவில் எதையும் பார்க்கவில்லையே.

நம் பத்தாம் வகுப்பு குரூப்பில்தான் போட்டேன், சத்தியமாக. யாரோ எடுத்து யாருக்கோ அனுப்பி, இப்போது மன்னார்குடியில் பாதிப் பேருக்கு நீ தலையாட்டுகிறாய். என் போனில் அழித்தேன். அவர்கள் எடுத்து வைத்துக்கொண்டதை நான் எப்படி அழிப்பது?

இதுவரை சொன்னது சில்லறை. தீபாவளிக்கு மறுநாள் உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். அந்த எதிர்வீட்டுப் பெண் போனில் உன் ஸ்டிக்கரைக் காட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குக் கண் இப்போது ரொம்ப மங்கல். போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சாப்டியாடா?" என்றார். தலையாட்டினாய். "பேத்தி நல்லா இருக்காளா?" அதற்கும் ஆட்டினாய். "தைக்கு வருவியாடா?"

நான் என்னடா செய்வேன், எட்டுப் படத்திலும் உனக்கு அதைத்தானே போட்டு வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு அது படம் என்று தெரியாமலில்லை. ஆனாலும் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் பொங்கலுக்குப் பிள்ளை வருகிறான் என்று சொல்லியாகிவிட்டது. கரும்புக்கும் சொல்லி வைத்திருக்கிறார். திண்ணைக்குச் சுண்ணாம்பு அடிக்க என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

ரயிலில் 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு. போகிக்கு முதல் நாள் கிளம்புகிற மன்னை எக்ஸ்பிரஸுக்கு முன்பதிவு திறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நாக்பூரிலிருந்து சென்னை வரை நீ பார்த்துக்கொள். மன்னை எக்ஸ்பிரஸுக்கு நான் போட்டுவிடுகிறேன். கீழ் பெர்த்தா, மேல் பெர்த்தா, அதை மட்டும் எழுது.

உன்,
கலி